கேம் சென்டர் நடத்துபவர்களுக்கு: போர்டைக் கழற்றும் முன் ஹார்னஸைப் பாருங்கள்

ஆர்கேட் கேபினெட்டுகளை வாங்கி ஓட்டும் கேம் சென்டர் உரிமையாளர்களுக்கும், அவற்றுக்குச் சாமான் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

மானிட்டருக்கு பிராண்டு கேட்கிறீர்கள். ஜாய்ஸ்டிக் ஜப்பானின் சான்வா பிராண்டா, நகலா என்று கேட்கிறீர்கள். கரன்ட் கொடுக்கும் சப்ளைப் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். எத்தனை ஆம்பியர் என்றும் பார்க்கிறீர்கள். இவை எல்லாவற்றையும் இணைக்கும் வயர் கட்டு மட்டும் "ஜாமா ஹார்னஸ் – 10" என்று ஆர்டரில் ஒற்றை வரியாகப் போகிறது. வந்ததை மாட்டுகிறோம். ஆறு மாதம் கழித்து ஆட்டத்தின் நடுவே கேம் ரீசெட் ஆனால் பழி கேமை ஓட்டும் சர்க்யூட் அட்டையான போர்டின் மேல் விழுகிறது. பழைய ஒரிஜினல் போர்டு இனிமேல் புதிதாகக் கிடைக்கப்போவதில்லை. ஆகவே அதைக் கழற்றி அனுப்பும் முன் அதற்குக் கரன்ட் கொண்டுபோகிற வயரைப் பாருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

ஜாமா என்பது ஜப்பானிய ஆர்கேட் இயந்திரத் தயாரிப்பாளர் சங்கத்தின் பெயர்ச்சுருக்கம். அவர்கள் 1985-இல் வகுத்த இணைப்பில் போர்டின் ஓரத்தில் பக்கத்துக்கு 28 வீதம் 56 பின்கள் உண்டு. பின்னுக்குப் பின் இடைவெளி 3.96 மி.மீ. இதில் 5 வோல்ட்டுக்கு நான்கு பின்கள்: 3, 4, மறுபக்கத்தில் சி, டி. கிரவுண்டுக்கு எட்டு: இரண்டு முனைகளிலும் நான்கு நான்கு. ஒரே சப்ளைக்கு இத்தனை பின் எதற்கு என்றால், கரன்ட் பிரிந்து போகத்தான். ஒரு பின் தொடுவாய் சுமார் 3 ஆம்பியர் வரைக்கும்தான் நிம்மதியாகத் தாங்கும்.

மலிவு ஹார்னஸைக் கையில் எடுத்து கனெக்டரின் முதுகைப் பாருங்கள். 3-ஆம் பின்னுக்கு மட்டும் சிவப்பு வயர் ஒன்று வரும். அங்கிருந்து 4, சி, டி மூன்றுக்கும் ஒரு விரல் நீளத் துண்டு வயரைத் தொடுத்திருப்பார்கள். பார்வைக்கு நான்கு பின்னும் நிரம்பியிருக்கும். ஆனால் முழுக் கரன்ட்டும் வருவது அந்த ஒற்றை வயரில்தான். கிரவுண்டிலும் இதே வேலை நடந்திருக்கும்.

கணக்கைப் பாருங்கள். நம் கடைகளில் ஹூக்-அப் வயரை 7/36, 14/36, 23/36, 40/36 என்று கேட்டு வாங்குகிறோம். முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது இழையின் கேஜ், அதாவது தடிமன் எண். சில கடைகளில் இதையே 14/76, 23/76 என்பார்கள். இழை அதேதான், அங்குலக் கணக்கில் சொல்கிறார்கள். 7/36 என்பது சுமார் 0.2 சதுர மி.மீ., 14/36 சுமார் 0.4, 23/36 சுமார் 0.67. போர்டு 4 ஆம்பியர் இழுக்கிறது, வயர் நீளம் ஒன்றரை மீட்டர் என்று வையுங்கள். போக ஒன்று, வர ஒன்று என இரண்டே 7/36 வயர் இருந்தால் வழியிலேயே 1 வோல்ட் கரைந்துவிடும். சப்ளையில் 5 இருக்கும், போர்டில் 4 இருக்கும். நான்கு பின்னுக்கும் தனித்தனி 23/36, கிரவுண்டுக்கும் நான்கு 23/36 என்று போட்டால் இழப்பு 0.1 வோல்ட்டைக் கூடத் தொடாது. பழைய போர்டுகளில் இருக்கும் டி.டி.எல். எனும் 5 வோல்ட் வகை ஐ.சி.க்களுக்கு 4.75 வோல்ட்தான் கீழ் வரம்பு. அதற்குக் கீழே போனால் படத்தில் கோடு விழும், ஸ்பிரைட் (திரையில் நகரும் உருவங்கள்) சிதறும், திரையில் நிறைய ஆட்கள் வரும் கட்டத்தில் ரீசெட் ஆகும்.

இந்த இடத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. எஸ்.எம்.பி.எஸ்-இன் சின்ன அட்ஜஸ்ட் ஸ்க்ரூவைத் திருப்பி, சப்ளை முனையில் 5.6 வைத்து, "இப்ப ஓடுது சார்" என்று சொல்லிப் போய்விடுகிறார்கள். பல ஆர்கேட் சப்ளைகளில் கட்டுப்பாடு 5 வோல்ட்டுக்கு மட்டும்தான். அதை ஏற்றினால் 12 வோல்ட்டும் கூடவே ஏறும். நாளைக்கே யாராவது நல்ல ஹார்னஸ் மாட்டினால், அந்த 5.6 அப்படியே போர்டின் தலையில் இறங்கும். கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது, மீட்டரின் முனைகளைப் போர்டின் ஓரத்திலேயே வைத்து 5.00 முதல் 5.10 வரை அமையுங்கள். சப்ளை முனைக்கும் போர்டு முனைக்கும் 0.2 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மாற்ற வேண்டியது வயரை, ஸ்க்ரூவை அல்ல.

அடுத்து, செம்பு செம்புதானா? செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் சந்தையில் தாராளம். அதன் மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்கு. வளைத்து வளைத்து நிமிர்த்தினால் சீக்கிரம் ஒடியும். முலாம் உரிந்த இடத்தில் ஈயம் பிடிக்காது. ஒரு இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் அது ஈயப்பூச்சுச் செம்பு, நல்ல சரக்கு. சந்தேகம் தீரவில்லையா, லைட்டர் சுடரில் காட்டுங்கள். அலுமினிய இழை சுருண்டு உருகும், செம்பு இழை சிவந்து நிற்கும். காந்தம் ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்பு; அதைத் திருப்பி அனுப்ப வேறு காரணம் தேட வேண்டாம்.

7-ஆம் பின் இடத்தில் கீ இருக்கிறதா என்று பாருங்கள். கனெக்டரில் அந்த இடத்தை அடைக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டு அது. போர்டில் அதே இடத்தில் வெட்டு இருக்கும். மலிவுச் சரக்கில் இது இருக்காது, இருந்தாலும் தனியாகப் பையில் கிடக்கும். கீ இல்லாத கனெக்டரைத் தலைகீழாகச் செருகினால் இரு முனைகளிலும் கிரவுண்டே இருப்பதால் புகை வராது, ஃப்யூஸ் போகாது. ஆனால் 12 வோல்ட் இருவரின் இரண்டாம் பட்டனுக்குரிய பின்களில் போய் உட்காரும், மைனஸ் 5 மூன்றாம் பட்டன் பின்களில். பிறகு சரியாகச் செருகினால் படம் வரும், பட்டன் வேலை செய்யாது. இன்புட் ஐ.சி. அப்போதே போயிருக்கும். இதைத் தடுத்திருக்கக்கூடியது சில ரூபாய்ப் பிளாஸ்டிக்.

பட்டன் பக்கம் லக் (சுவிட்ச் காலில் செருகும் வயர் முனை உலோகத் துண்டு) அளவுதான் தலைவலி. ஜப்பானிய பட்டன்களுக்கு 2.8 மி.மீ., அமெரிக்க பாணி மைக்ரோ சுவிட்சுகளுக்கு 4.8. அளவு சொல்லாமல் வாங்கினால் 4.8 லக் வரும்; அதைக் குறட்டால் நசுக்கி 2.8-இல் மாட்டுவார்கள். ஆட்டக்காரர் தட்டத் தட்ட அது கழன்றுகொண்டே இருக்கும். இரண்டு பிளேயர், ஆளுக்கு மூன்று பட்டன், ஒரு ஸ்டார்ட் என்றால் பட்டனுக்கு மட்டும் 8 சிக்னல் லக், கிரவுண்டுக்கு 8. சுவிட்ச் வெளியில் இருக்கும் பழைய ஜாய்ஸ்டிக் என்றால் ஒவ்வொன்றுக்கும் இன்னும் நான்கு நான்கு. சான்வாவின் ஜே.எல்.எஃப். வகை ஜாய்ஸ்டிக் என்றால் 5 பின் சாக்கெட் ஒன்று போதும். இதை எண்ணி ஆர்டரில் எழுதுங்கள். பத்து சதவீதம் கூட வாங்குங்கள்.

பட்டன்களின் கிரவுண்டை ஒரே வயரில் மாலை கட்டியது போலத் தொடுப்பது வழக்கம். தவறில்லை. ஆனால் நடுவில் ஒரு லக் விட்டால் அதற்குப் பின்னால் இருக்கும் பட்டன்கள் அத்தனையும் செத்துப்போகும். மாலையின் கடைசி முனையையும் கிரவுண்டுக்குத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரு மீட்டர் வயர் கூடுதல் செலவு, அவ்வளவுதான்.

கிரிம்ப், அதாவது லக்கை வயரின் மேல் நசுக்கிப் பிடிக்கவைத்த இடம், நல்லதா என்று கண்ணால் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. லக்கின் முன் இறக்கை செம்பையும் பின் இறக்கை மேல்தோலையும் பிடித்திருக்க வேண்டும். முனையில் ஈயம் வைத்துவிட்டுக் கிரிம்ப் செய்திருந்தால் வேண்டாம். ஈயம் அழுத்தத்தில் நாளடைவில் நெகிழ்ந்து பிடி தளரும். பத்து ஹார்னஸில் ஒன்றை எடுத்து, ஒரு லக்கைத் தொங்கு தராசில் மாட்டி இழுங்கள். 14/36 அளவு வயர் 4 கிலோ வரை உருவாமல் நிற்க வேண்டும். 23/36-க்கு 9 கிலோ. இந்தச் சோதனைக்குப் போன வயரைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

வீடியோவின் சிவப்பு, பச்சை, நீலம், படத்தை நிலைநிறுத்தும் சிங்க் ஆகிய நான்கும் ஷீல்டு கேபிளில் வந்தால் படத்தில் அலை ஓடாது. 230 வோல்ட் வயரோடு சேர்த்து டை போட்டுவிட்டால் எந்த ஷீல்டும் காப்பாற்றாது. ஒரு சாண் தள்ளி ஓட்டுங்கள். ஸ்பீக்கரின் மைனஸ், அதாவது எல் பின், கிரவுண்டு அல்ல. அதைக் கிரவுண்டோடு சேர்த்துத் தைத்த ஹார்னஸ்கள் ஆம்ப்ளிஃபயரைத் தின்றிருக்கின்றன. ஸ்ட்ரீட் ஃபைட்டர் போன்ற ஆறு பட்டன் கேமுக்கு, கூடுதல் பட்டன்களுக்கென்று தனி கிக் ஹார்னஸ் வேண்டும். அது போர்டுக்குப் போர்டு மாறும் என்பதால் போர்டின் பெயரைச் சொல்லியே வாங்குங்கள். ஜாமாவுக்குப் பின் வந்த ஜே.வி.எஸ். இணைப்பு முறைப் போர்டுகளில் யு.எஸ்.பி. வாய் இருக்கும். ஆனால் உள்ளே ஓடுவது யு.எஸ்.பி. அல்ல. அதைக் கம்ப்யூட்டரில் செருகாதீர்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் மொபைல் கேபிளும் இங்கே உதவாது.

230 வோல்ட் பக்கத்தில் சிக்கனம் வேண்டவே வேண்டாம். மேலே ஐ.எஸ். 694 என்று அச்சிட்ட, 1 சதுர மி.மீ. மூன்று கோர் கேபிள். பச்சை-மஞ்சள் எர்த் வயர் எஸ்.எம்.பி.எஸ்-ஓடு நின்றுவிடக் கூடாது. காயின் டோர், உலோகக் கன்ட்ரோல் பேனல், மானிட்டர் ஃப்ரேம் மூன்றுக்கும் போக வேண்டும். குழந்தைகள் வியர்த்த கையோடு தொடுவது இவற்றைத்தான். லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கட்டும். கன்ட்ரோல் பேனல் திறக்கும் கீல் பக்கம் வயருக்கு ஒரு வளையம் தளர்வு விடுங்கள், மரத்துளையில் ரப்பர் குரோமெட் (வயர் உரசாமல் காக்கும் வளையம்) போடுங்கள். எலிக்கு வலைப்பின்னல் ஸ்லீவ் ஒரு பொருட்டே அல்ல. கேபினெட்டின் அடிப்பக்கத் துளைகளைக் கம்பி வலையால் அடைப்பதுதான் வழி.

அடுத்த முறை "ஜாமா ஹார்னஸ் – 10" என்று எழுதும் இடத்தில் இப்படி எழுதிப் பாருங்கள்: "முழுச் செம்பு, 5 வோல்ட் நான்கு பின்னுக்கும் கிரவுண்டு எட்டுப் பின்னுக்கும் தனித்தனி 23/36, சிக்னல் 14/36, வீடியோ ஷீல்டு, லக் 2.8 மி.மீ., எண்ணிக்கை இத்தனை, கீ பொருத்தியது, பட்டன் கிரவுண்டு இரு முனை இணைப்பு, ஒவ்வொரு வயரிலும் பின் எண் குறிச்சீட்டு, சாம்பிள் சரியாக இருந்த பிறகே மீதி." இதற்கு விலை கூடும். சாம்பிள் வந்ததும் 56 பின்னையும் கண்டின்யூட்டி (வயர் அறுபடாமல் இணைந்திருக்கிறதா என்று மீட்டரில்) பார்க்க ஒருவருக்கு இருபது நிமிடம் ஆகும்.

இப்படிக்கு,
கேபினெட் வயரிங், சர்வீஸ் வேலை செய்பவர்கள்