அதிபரான மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், பாடசாலையில் பொறுப்பேற்ற முதல் தவணையிலேயே ஆசிரியர்கள் இரு பிரிவாக நிற்பதாகவும், பிள்ளைகளின் வரவு குறைந்திருப்பதாகவும், எதை முதலில் கவனிப்பது என்று விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். இரண்டும் ஒரே விடயம் என்பதுதான் என் எண்ணம். ஆசிரியர்களை அதிபர் எப்படி நடத்துகிறாரோ, பெரும்பாலும் அப்படியேதான் அவர்கள் வகுப்பறையில் பிள்ளைகளை நடத்துவார்கள். ஆகையால் ஆசிரியர்களிடமிருந்தே தொடங்கு.

முதலில் அவர்களுடைய வரவுப் பதிவேட்டைப் பார். காலையில் பிந்தி வருபவர்களைப் பிரித்துக் காட்டச் சிவப்புக் கோடு இடுவதை நீ விட்டுவிட முடியாது, விடவும் கூடாது. ஆனால் கோட்டுக்குக் கீழே கையொப்பமிடுபவர் யார், எதனால் பிந்துகிறார் என்பதை அறிந்து வைத்திருப்பதும் அதிபரின் கடமைதான். நான் மண்டூர்ப் பக்கம் கற்பித்த காலத்தில் குறுமண்வெளித் துறையில் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறியே வாவியைக் கடக்க வேண்டும். பாதை அக்கரையில் நின்றால் நாங்கள் இக்கரையில் காத்து நிற்போம். அப்போதிருந்த அதிபர், வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையிலிருந்து வருபவர்களுக்கு முதற் பாடவேளை விழாதவாறு நேரசூசியை அமைத்தார். கோட்டையும் அவர் தவிர்க்கவில்லை, எங்களையும் தலைகுனிய வைக்கவில்லை. மாலை வகுப்புகளை நாங்களே கேட்டு வாங்கிச் செய்தோம். அவருக்குப் பின் வந்தவரோ பிந்தியவர்களின் பெயர்களைக் காலைக் கூட்டத்தில் மாணவர் முன்னிலையில் வாசித்தார். சில வாரங்களுக்குள் பிள்ளைகளும் பிந்தி வந்த சக மாணவனை அதே தொனியில் பெயர் சொல்லி அழைத்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு இடமாற்றம் கோரியவர்களுள் நல்ல ஆசிரியர்களே அதிகம்.

வராத பிள்ளையைப் பற்றியும் இவ்வாறே விசாரி. தாய் மத்திய கிழக்கில் வேலை செய்ய, அம்மம்மாவிடம் வளரும் பிள்ளை உண்டு. வேளாண்மை வெட்டுக் காலத்தில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கும் பிள்ளை உண்டு. இரவில் யானை புகுந்ததால் ஊரே விழித்திருந்துவிட்டு, விடிந்ததும் கண்ணெரிச்சலோடு வரும் பிள்ளையும் உண்டு. வரவு இடாப்பு இவர்கள் எல்லோரையும் ஒரே குறியால்தான் காட்டும். வகுப்பாசிரியர் வீட்டுக்குப் போய் வந்தால் மட்டுமே வேறுபாடு தெரியும், அப்படிப் போவதற்கு அவருக்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்க வேண்டியவள் நீ.

பிரம்பை கல்வி அமைச்சின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை தடுத்துவிட்டது. அது நல்லதே. ஆயினும் பிரம்பை வாங்கிக்கொண்டு வேறு வழி எதையும் காட்டாவிட்டால், சில ஆசிரியர்கள் நாவை எடுப்பார்கள். அதன் தழும்பைப் பெற்றோரால் காணவும் முடியாது. குழப்படியான வகுப்பைச் சமாளிக்க முடியவில்லை என்று ஓர் இளம் ஆசிரியர் வந்து சொன்னால், அதை அவருடைய குறையாக எங்கும் பதியாமல், பகுதித் தலைவரையோ அனுபவமுள்ள ஒருவரையோ சில நாட்கள் அவ்வகுப்பில் கூட இருக்கச் சொல். உதவி கேட்டவர் இழிவுபடவில்லை என்பதை மற்றவர்கள் கண்டால்தான் அடுத்தவர் வாய் திறப்பார்.

தரம் 5 புலமைப்பரிசில் பதாகையைப் பற்றி உன் கருத்து எனக்குத் தெரியாது. வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்தவர்களின் படங்களை மட்டும் வாயிலில் தொங்கவிடுவது எனக்கு என்றுமே பிடித்ததில்லை. பத்து வயதுப் பிள்ளை தினமும் அதைக் கடந்துதான் உள்ளே போகிறது. பெற்றோர் கேட்டால் வைக்கத்தான் வேண்டியிருக்கும். வைத்தால் தோற்றியவர்கள் அனைவரையும் வை.

அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் பெறுபேற்றைக் கடைசி விடயமாகப் போடு. உள்ளூர் ஆசிரியர்களையும் வெளியிலிருந்து வருபவர்களையும் கலந்து உட்கார வைத்து, கற்பிக்கத் தடையாக இருப்பது என்னவென்று ஒவ்வொருவரையும் கேள். உடனே பதில் சொல்லாமல் எழுதிக்கொள். அவற்றுள் செலவில்லாமல் தீர்க்கக்கூடிய ஒன்றை அதே வாரத்தில் தீர்த்துவிடு. காவலாளியையும் சுத்திகரிப்புப் பணியாளரையும் அக்கூட்டத்துக்கு அழைக்க மறந்துவிடாதே. எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வருகிறது என்பது அவர்களுக்கே முதலில் தெரியும்.

கூட்டம் முடிந்ததும் விபரமாக எழுது.

அன்புடன்,
அம்மா
களுவாஞ்சிகுடி