கமலாவுக்கு, பால் பவுடர் டப்பாவோடு

மதுரை,
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கமலா,

உன் கைக்கு வந்திருக்கிற தாயில்லாத நாய்க்குட்டியைப் பற்றி நேற்று ராத்திரி போனில் நான் சொல்ல வேண்டியதில் பாதியைத்தான் சொன்னேன். நீ இருந்த பதற்றத்தில் அதிலும் பாதிதான் உன் காதில் விழுந்திருக்கும். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். செந்தில் காலையில் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி வருகிறான். அவன் கொண்டுவரும் பையில் நாய்க்குட்டிக்கான பால் பவுடர் டப்பா, ஊசி இல்லாத சிரிஞ்சு சில, சின்ன நிப்பிள் போட்ட பாட்டில், பஞ்சு, ரப்பர் வெந்நீர்ப் பை எல்லாம் வைத்திருக்கிறேன். டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடு.

தொப்புள்கொடி உதிர்ந்துவிட்டது, கண் இன்னும் திறக்கவில்லை, காதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றாய். அப்படியானால் அதற்கு வயது ஒரு வாரம், மிஞ்சிப் போனால் பத்து நாள். பைபாஸில் லாரி அடிக்கும் வரைக்கும் தாய் கூடவே இருந்திருக்கிறது. அதனால் சீம்பால் குடித்திருக்கும். அது பெரிய விஷயம். பிறந்த முதல் நாளில் கிடைக்கிற அந்தப் பாலில்தான் நோய் எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இன்னொன்றும் விசாரி. உங்கள் பக்கம் குட்டி போட்டுப் பால் கொடுக்கிற சாதுவான நாய் ஏதாவது இருந்தால் அதனிடம் விட்டுப் பார்க்கலாம். அது ஏற்றுக்கொண்டால் நீயும் நானும் செய்கிற எதுவும் அதற்கு ஈடாகாது. ஆனால் பக்கத்திலேயே இருந்து கவனிக்க வேண்டும், தள்ளிவிட்டால் உடனே எடுத்துவிடு.

தாயில்லாத குட்டிக்கு முதல் எதிரி குளிர், பசிகூட அதற்கு அப்புறம்தான். இதை நீ மனசில் வைத்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும். நம்ம பக்கத்து வெயிலுக்குச் சூடு எதற்கு என்று உன் மகன் கேட்டானாமே! பெரிய நாயின் உடம்புச் சூடு 38, 39 டிகிரி. முதல் வாரத்துக் குட்டிக்கு 35, 36தான். நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளக்கூட அதற்கு இன்னும் தெரியாது. தாயும் கூடப்பிறந்ததுகளும் ஒட்டிப் படுப்பதில்தான் அந்தச் சூடு கிடைக்கும். உன் வீட்டு டைல்ஸ் தரையில் ஒரு துணியை விரித்துப் படுக்கவைத்தால் தை மாசத்து ராத்திரி அதிலிருக்கிற கொஞ்சநஞ்சச் சூட்டையும் உறிஞ்சிவிடும்.

ஒரு அட்டைப்பெட்டி எடுத்துக்கொள். அடியில் பழைய வேட்டியை நாலாக மடித்துப் போடு. அண்ணனுடைய வேட்டிகளை யாருக்கும் கொடுக்க மனசில்லாமல் பீரோவில் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதில் ஒன்றை எடு, கமலா. அவர் இருந்திருந்தால் நீ சொல்வதற்கு முன்னால் அவரே விரித்திருப்பார். பெட்டியின் ஒரு ஓரத்தில் மட்டும் வெந்நீர்ப் பையைத் துணி சுற்றி வை, இல்லாவிட்டால் மேலே குண்டு பல்பு ஒன்றைக் கைக்கெட்டாத உயரத்தில் தொங்கவிடு. குட்டி படுக்கிற இடம் 30 டிகிரிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கட்டும். மறு ஓரத்தைச் சும்மா விட்டுவை, சூடு அதிகமானால் நகர்ந்து போக அதற்கு இடம் வேண்டும். ஓயாமல் முனகினால் குளிர்கிறதோ, பசிக்கிறதோ என்று பார். மூலையில் கைகாலைப் பரப்பி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு கூடிப்போயிற்று. நாலாவது வாரம் வரும்போது இவ்வளவு சூடு தேவைப்படாது.

பால் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் உன் சுண்டு விரலை அதன் வாய்க்குள் வைத்துப் பார். வாய் ஜில்லென்று இருந்தால் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காதே. உடம்பு குளிர்ந்திருக்கும்போது குடல் வேலை செய்யாது. பால் வயிற்றிலேயே தேங்கும், இல்லாவிட்டால் எதுக்களித்து நுரையீரலுக்குள் இறங்கும். முதலில் உன் வயிற்றோடு சேர்த்துப் புடவைக்குள் வைத்துக்கொண்டு மெதுவாகச் சூடேற்று. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். அவசரப்பட்டு வெந்நீரில் முக்குவது, ஹேர் டிரையர் பிடிப்பதெல்லாம் வேண்டாம். துவண்டு கிடந்தால் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை விரலில் தொட்டு ஈறில் தடவு.

இனி பால். உன் பக்கத்து வீட்டுக்காரர் பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து கொடுக்கச் சொன்னாராம். நம்ம ஊரில் பத்து பேரைக் கேட்டால் ஒன்பது பேர் இதைத்தான் சொல்வார்கள், பச்சைக் குழந்தைக்குக் கனமான பால் ஆகாது என்ற நினைப்பில். நாய்ப்பால் பசும்பாலைவிடக் கெட்டியானது. கொழுப்பும் புரதமும் அதில் இரண்டு மடங்குக்கு மேல், பால் சர்க்கரை குறைவு. ஆக, வெறும் பசும்பாலே அதற்குப் பத்தாது. அதில் தண்ணீரையும் ஊற்றினால் வயிறு நிறையும், உடம்பு ஏறாது. சர்க்கரை ஒத்துக்கொள்ளாமல் பேதியும் ஆகும். ஆட்டுப்பாலும் ஏறக்குறைய இதே கதைதான். நேற்று ராத்திரிக்கு வேறு வழியில்லாமல்தான் தண்ணீர் கலக்காத பாலில் முட்டையின் மஞ்சள் கருவை அடித்துக் கொடுக்கச் சொன்னேன். பவுடர் வந்துவிட்டால் அதை நிறுத்திவிடு.

பவுடரை டப்பாவில் போட்டிருக்கிற அளவுப்படியே, கொதித்து ஆறிய தண்ணீரில் கட்டியில்லாமல் கலக்கு. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். குட்டி 400 கிராம் இருக்கிறது என்றாய். அதற்கு ஒரு நாளைக்கு மொத்தம் 80 மில்லி அளவில் வேண்டும். ஒரு வேளைக்கு 10 மில்லி போதும். அழுகிறதே என்று 16 மில்லியைத் தாண்டிவிடாதே, அதன் வயிறு அவ்வளவுதான் கொள்ளும். இப்போதைக்கு இரவிலும் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. கண் திறந்த பிறகு மெல்ல மெல்ல நாலு மணி நேரத்துக்குத் தள்ளலாம்.

கொடுக்கிற விதம் ரொம்ப முக்கியம். பேரக்குழந்தைகளை மடியில் மல்லாத்திப் போட்டுப் பாலாடையில் புகட்டிய கை நமக்கு, தானாக அப்படித்தான் போகும். நாய்க்குட்டியை மல்லாத்தவே கூடாது. மடியில் துண்டை விரித்து, தாயின் மடியில் எப்படிப் படுக்குமோ அப்படிக் குப்புறப் படுக்கவை. முன்னங்கால் இரண்டும் துண்டில் ஊன்றியிருக்க வேண்டும், கால்களால் அமுக்கி அமுக்கித்தான் அது குடிக்கும். தலை கொஞ்சம்போல நிமிர்ந்தால் போதும், அண்ணாந்து பார்க்கக் கூடாது. நிப்பிளை நாக்குக்கு மேலே வை. நாக்கு இரண்டு ஓரமும் மடங்கி நிப்பிளைச் சுற்றிக்கொள்வது தெரியும். அப்போதுதான் உறிஞ்சுகிறது என்று அர்த்தம். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தால் பால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஒழுகினால் ஓட்டை பெரிசு. சிரிஞ்சில் கொடுத்தால் சொட்டுச் சொட்டாக விடு, அது விழுங்கிய பிறகு அடுத்தது. மூக்கில் பால் குமிழி வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்தித் துடைத்துவிடு. அதற்கப்புறம் மூச்சில் கரகரவென்று சத்தம் கேட்டால் டாக்டரிடம் ஓடு, காத்திருக்காதே.

குடித்து முடித்ததும் தோளில் போட்டு முதுகைத் தட்டிவிடு. அப்புறம் ஒரு வேலை இருக்கிறது, இது தெரியாமலே பல குட்டிகள் போய்விடுகின்றன. இந்த வயசில் அதற்குத் தானாக ஒன்றுக்கு, இரண்டுக்குப் போக வராது. தாய் நக்கிவிட்டால்தான் வரும். பஞ்சை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து அடிவயிற்றிலும் பின்பக்கத்திலும் மெல்லத் தடவிக் கொடு, ஒரு நிமிஷத்தில் வந்துவிடும். ஒவ்வொரு வேளைக்கும் இதைச் செய்ய வேண்டும். மூன்று வாரம் ஆனால் தானே போகப் பழகிவிடும். மூத்திரம் அடர்ந்த மஞ்சளாக இருந்தால் பால் பத்தவில்லை. மலம் தண்ணீராகவோ வெள்ளையாகத் திரிதிரியாகவோ போனால் அளவு கூடிவிட்டது.

சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு நோட்டில் எழுது. நாளுக்கு 20 கிராமாவது ஏற வேண்டும். ஒரு நாள் ஏறாவிட்டால் யோசி, குறைந்தால் அன்றைக்கே காட்டு. உங்கள் ஊர் அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோகலாம். நகர முடியாத நிலைமை என்றால் 1962க்குப் போன் செய், அது கால்நடை ஆம்புலன்ஸ். தூக்கத்தில் உடம்பு துடிக்கிறது, வலிப்போ என்று பயந்தாயே, அது வலிப்பில்லை. இந்த வயசில் நாளில் பெரும்பாலும் தூக்கம்தான், தூக்கத்தில் காலும் வாயும் துள்ளிக்கொண்டே இருக்கும். நல்ல குட்டி என்பதற்கு அடையாளமே அதுதான். அசையாமல் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அக்குளிலும் வயிற்றிலும் தெள்ளுப்பூச்சி இருக்கிறதா பார். இத்தனூண்டு உடம்பில் அதுகள் குடிக்கிற ரத்தமே உயிருக்கு ஆபத்து, ஈறு வெளுத்திருந்தால் அதனாலும் இருக்கலாம். பேன் சீப்பால் சீவி, சீப்பில் வருகிற பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் போடு. உண்ணிப் பவுடர், மண்ணெண்ணெய் எதையும் மேலே தடவ விடாதே. குளிப்பாட்டவும் வேண்டாம், ஈரத் துணியால் துடைத்து உடனே உலர்த்திவிடு.

இதை எழுதாமல் விட எனக்கு மனசு வரவில்லை. இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் சில குட்டிகள் தங்குவதில்லை. கூடப்பிறந்த இரண்டும் நீ பார்ப்பதற்கு முன்னாலேயே போய்விட்டன. இதுவும் எவ்வளவு நேரம் பட்டினியாகக் குளிரில் கிடந்தது என்று யாருக்குத் தெரியும். அப்படி ஏதாவது ஆனால் உன் கைதான் காரணம் என்று நினைத்து உடைந்துவிடாதே. போன வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ பட்டது போதும்.

மூன்று வாரம் தாண்டிப் பல் முளைக்க ஆரம்பித்ததும் தட்டில் பழக்கலாம். உங்கள் ஊர் மண் தட்டு இருக்கிறதே, விளிம்பு தாழ்வாக, அதைவிட வசதியானது கிடையாது. குழைய வடித்த சோற்றை மசித்து அந்தப் பாலிலேயே கஞ்சியாகக் கரைத்து வை. முகமெல்லாம் அப்பிக்கொள்ளும், துடைத்துவிடு. அப்புறம் வேகவைத்த முட்டை, எலும்பில்லாத கோழி என்று சேர்த்துக்கொண்டே போய் ஏழெட்டு வாரத்தில் பாலை நிறுத்தலாம். சாம்பார் சாதம் மட்டும் வைக்காதே. நம் வீடுகளில் பாசமாக முதலில் வைப்பதே அதைத்தான், ஆனால் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். திராட்சை போட்ட பாயசமும் சாக்லேட்டும் அதே மாதிரி விஷம். பேத்தி லீவுக்கு வரும்போது அவளிடம் முன்கூட்டியே சொல்லி வை.

இரண்டு வாரம் ஆனதும் பூச்சி மருந்து கொடுக்க டாக்டரிடம் கேள். தாய் வயிற்றிலிருந்தே குடற்புழு குட்டிக்கு வந்துவிடும். ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசி. ஊசிகள் எல்லாம் முடிகிற வரைக்கும் தெருவில் இறக்கிவிடாதே, வெளியே போட்டுவந்த செருப்பும் அதன் பக்கம் வர வேண்டாம். குட்டிகளின் குடலைத் தாக்கிக் கொல்கிற பார்வோ கிருமி மண்ணில் மாசக்கணக்கில் உயிரோடு இருக்கும். உனக்கும் ஒரு வார்த்தை: தாய் எப்படிப்பட்ட நிலையில் இருந்தது என்று நமக்குத் தெரியாது. உன் கையில் கீறல் இருந்து அதில் எச்சில் பட்டிருந்தால், பல் பட்டிருந்தால், சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ. குட்டிதானே என்று விடக்கூடிய விஷயமில்லை இது. வெறிநாய்க்கடி ஊசி அங்கே இலவசம்தான்.

தெரு நாய்க்கு இவ்வளவு சிரத்தையா என்று உன் மகன் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. அவன் நல்ல பிள்ளை, புரிந்துகொள்வான். ஏசி அறையில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிற வெளிநாட்டு நாயைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நம் வெயிலிலும் மண்ணிலும் தலைமுறை தலைமுறையாகத் தேறி வந்த குட்டி ஒன்று தானாக உன் வாசலுக்கு வந்திருக்கிறது. எங்கள் மணியும் இப்படி வந்தவன்தான். இன்றைக்கு அவன் இல்லாமல் இந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் நிம்மதியாகத் தூங்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டுச் சேதி பெரிசாக ஒன்றுமில்லை. இவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பேப்பரை மறுபடி முழுக்கப் படித்துவிட்டு எனக்கும் வாசித்துக் காட்டுகிறார். கொல்லையில் மா பூத்துக் கொட்டுகிறது. வளர்மதி போன வாரம் பேசினாள். கோயம்புத்தூரில் மகன் வீட்டோடு போய்விட்டாளாம், பேச ஆளில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாள். நீ ஒரு தடவை கூப்பிட்டுப் பேசு. குட்டியைப் பற்றிச் சொன்னால் அவளும் ராத்திரி கண்விழித்துப் போன் செய்துகொண்டிருப்பாள்.

செந்தில் இரண்டு நாள் அங்கேயே தங்குவான், காலேஜ் லீவுதான். ராத்திரி பதினொன்று, இரண்டு மணிப் பாலை அவனிடம் விட்டுவிட்டு நீ மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கு, உன் சுகரும் எனக்குக் கவலைதான். முதல் வேளையை மட்டும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து எப்படிப் பிடிப்பது என்று காட்டிக் கொடு. நாளைக் காலை எடையைப் போட்டதும் எனக்குப் போன் செய்.

உன்,
மங்கை