ரத்தப் பரிசோதனையும் என் சித்தப்பாவின் கண்ணும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் பாதிப்பை ரத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாம் என்று சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். படித்ததோடு விட்டிருப்பேன். மறுநாள் காலை ஏழு மணிக்கே அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் எங்கள் லேபுக்கு வந்துவிட்டார். "இனிமேல் கண்ணாஸ்பத்திரிக்கு அலைய வேண்டியதில்லையாமே அம்மா, இங்கேயே பார்த்துவிடலாமாமே" என்றார். மதியத்துக்குள் இன்னும் இரண்டு பேர் அதையே கேட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நெசவு ஊரான சின்னாளப்பட்டியில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் 19 ஆண்டுகளாக டெக்னீஷியனாக இருக்கிறேன். காலையில் வெறும் வயிற்றில் ஒரு குத்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு குத்து என்று சர்க்கரைக்காரர்களின் கைகளையே பார்த்துக் காலம் ஓடியிருக்கிறது. எந்தக் கையில் நரம்பு எங்கே ஒளிந்திருக்கும் என்பது முகத்தைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். அந்த முகங்களில் இருந்த கண்களைப் பற்றி மட்டும் ஒருநாளும் யோசித்ததில்லை.

செய்தி பொய்யல்ல. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு, இந்தியாவில் பல மையங்களில் திரட்டிய ரத்த மாதிரிகளில் பலவகைப் புரதங்களை ஒப்பிட்டு, 2022-இல் ஜாமா ஆப்தால்மாலஜி என்ற கண் மருத்துவ ஆய்விதழில் முடிவை வெளியிட்டது. பார்வைக்கே ஆபத்தான கட்டத்தில் இருப்பவர்களைப் பிரித்துக் காட்டுவதில் முன்னே நின்றது சிஸ்டாட்டின் சி என்ற புரதம். எங்களுக்கு அது புதிய பெயரல்ல. சிறுநீரகம் சரியாக வடிகட்டுகிறதா என்று பார்க்க மருத்துவர்கள் எப்போதாவது எழுதித் தருவதுதான். சிறுநீரகத்தின் வடிகட்டிகளும் விழித்திரையும் மயிரிழை போன்ற நுண்குழாய்களை நம்பி இருப்பவை. சர்க்கரை பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே அரிக்கிறது.

சிறுநீரகத்துக்கு வழக்கமாகப் பார்க்கும் கிரியாட்டினின் பரிசோதனைக்காக எடுக்கும் அதே சிவப்பு மூடிக் குழாயிலேயே இதையும் பார்த்துவிடலாம். தனியாக ஒரு குத்து வேண்டாம். ஆனால் பரிசோதனைக்கான ரசாயனம் கிரியாட்டினினுக்கு ஆவதைவிடப் பல மடங்கு விலை. தைராய்டு கோளாறு இருந்தாலும், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலும், கண் நன்றாக இருந்து சிறுநீரகம் மட்டும் கெட்டிருந்தாலும் இந்த எண் மாறும். ஆகவே இது சல்லடைதான். சல்லடையில் நின்றவர் கண் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். விழுந்துவிட்டவரும் ஒரேயடியாக நிம்மதி அடைய முடியாது. தங்கள் செய்தியில் இந்த இரண்டு வரிகளும் இல்லை.

சல்லடை எதற்கு என்று கேட்கலாம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். 40 வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகள் நூறு பேரில் பன்னிரண்டு பதின்மூன்று பேருக்கு விழித்திரைப் பாதிப்பும், நான்கு பேருக்குப் பார்வை பறிபோகும் அளவுக்கு முற்றிய நிலையும் இருப்பதாக 2022-இல் வந்த இன்னோர் ஆய்வு சொல்கிறது. அந்த நான்கு பேரைக் கண்டுபிடிக்க நூறு பேரையும் கண் மருத்துவர் முன் உட்கார வைக்க வேண்டும். அவர்களோ வர மாட்டார்கள். சொட்டு மருந்து விட்டால் நான்கைந்து மணி நேரத்துக்குக் கிட்டப் பார்வை மங்கிவிடும், வெயில் கூசும், துணைக்கு ஓர் ஆள் வேண்டும். திண்டுக்கல்லோ மதுரையோ போய் வந்தால் இரண்டு பேர் கூலி போயிற்று. ரத்தம் கொடுக்க மட்டும் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவார்கள்.

என் சித்தப்பாவும் அப்படித்தான் வந்து போனார். நெசவாளி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்தான் அவருக்கு ரத்தம் எடுப்பேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரை ஒருமுறை 9.4, அடுத்த முறை 10.1. அளவு தாண்டினால் எங்கள் கணினி அந்த எண்ணைத் தடித்த எழுத்தில் அச்சிடும். "இனிப்பைக் குறையுங்கள் சித்தப்பா" என்று சொல்லிக் காகிதத்தை மடித்துக் கொடுப்பேன். அவரும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போவார். கண்ணில் வலி இல்லை. பார்வை மங்கவில்லை. இழை அறுந்தால் கண்ணாடி இல்லாமலே பிணைப்பார்.

ஒருநாள் தறியில் எலுமிச்சை மஞ்சள் சேலை ஓடிக்கொண்டிருந்தபோது துணியின்மேல் கறுப்பு நூல் ஒன்று கிடப்பதைப் பார்த்திருக்கிறார். விரலால் தட்டினார், போகவில்லை. ஊதினார், சற்று நகர்ந்து மறுபடியும் வந்தது. ஊடையில், அதாவது குறுக்கு நூலில், கறுப்பு இழை கலந்துவிட்டது என்று முடிவு செய்து, நூல் கொடுத்த முதலாளியிடமே சண்டைக்குப் போய்விட்டார். முதலாளி சேலையை வெயிலில் விரித்துக் காட்டி, "எங்கேயப்பா கறுப்பு?" என்று கேட்டிருக்கிறார். அங்கே நின்று பார்த்தபோது முதலாளியின் வெள்ளை வேட்டியிலும் சித்தப்பாவுக்கு அந்த நூல் மிதந்திருக்கிறது.

அது நூலல்ல, ரத்தம். விழித்திரையில் புதிதாக முளைத்த சோப்ளாங்கிக் குழாய் ஒன்று உடைந்து கண்ணுக்குள் கசிந்திருந்தது. மூன்றாம் நாள் வலது கண்ணில் திரை இறங்கியதுபோல் ஆகிவிட்டது. மதுரையில் அறுவை சிகிச்சை செய்த பிறகு அந்தக் கண்ணுக்கு ஆள் வருவது தெரிகிறது, யாரென்று தெரிவதில்லை. இடது கண்ணை லேசரும் ஊசியும் காப்பாற்றின. "இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால்" என்று மருத்துவர் ஆரம்பித்தார். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். அந்த இரண்டு வருடத்தில் எட்டு முறையாவது அவர் என் முன்னால் கையை நீட்டி உட்கார்ந்திருப்பார்.

பரிசோதனை எவ்வளவு நுட்பமானது என்பதைவிட, காகிதம் கொடுத்த பிறகு யார் கூப்பிடுகிறார்கள் என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. இங்கிலாந்தில் 2003 முதல் சர்க்கரை நோயாளிகளை விழித்திரைப் படமெடுக்க அழைக்கும் திட்டத்தைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். பட்டியல் வைத்துக்கொண்டு, பெயர் சொல்லிக் கடிதம் போட்டு அழைப்பார்கள். உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதல் காரணமாக இருந்த இந்த நோய், 2009–10 கணக்கில் அந்த இடத்திலிருந்து இறங்கிவிட்டது.

நம்மிடமும் பட்டியல் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்கு வரும் பெண்ணின் நோட்டில் யார் வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்பது அத்தனையும் உண்டு. அந்த நோட்டில் 'கண் பார்த்த தேதி' என்று ஒரு கட்டம் போட அரசாணை வேண்டுமா, அடிக்கோல் போதுமா? சிஸ்டாட்டின் பரிசோதனை வரும்போது வரட்டும். அது வந்தாலும், எண் கூடியவருக்கு எந்தத் தேதியில் எங்கே போக வேண்டும் என்று அதே காகிதத்தில் அச்சிட்டுத் தராவிட்டால் மஞ்சள் பையில் இன்னொரு காகிதம் சேரும், அவ்வளவுதான்.

நான் என்னளவில் ஒன்று செய்கிறேன். மூன்று மாதச் சர்க்கரை முடிவைக் கொடுக்கும்போது கடைசியாக எப்போது கண் பார்த்தீர்கள் என்று கேட்டு, பதிலைக் காகிதத்தின் மேல்மூலையில் பேனாவால் எழுதிவிடுகிறேன். "அது நம் வேலையா?" என்று உரிமையாளர் முதலில் முகம் சுளித்தார், பிறகு விட்டுவிட்டார். பலர் "போன மாதம்தான் பார்த்தேன்" என்பார்கள். எங்கே என்று கேட்டால் கண்ணாடிக் கடை. அங்கே பவர் பார்ப்பார்கள், விழித்திரையைப் பார்க்க மாட்டார்கள் என்று சொன்னால் என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். படித்தவர்களும்தான்.

சித்தப்பா இப்போது தறியில் உட்காருவதில்லை. திண்ணையில் ராட்டை போட்டுத் தார் சுற்றிக் கொடுக்கிறார். இழை அறுந்தால் விரல் நுனியால் தடவிக் கண்டுபிடித்துவிடுகிறார்.

இந்தப் பரிசோதனை பற்றி மறுபடி செய்தி வெளியிடும்போது, சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பதற்கு இது மாற்றல்ல என்ற வரியையும் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அன்று வந்த மூவரில் இருவர் கண் மருத்துவமனைக்குப் போய்வந்துவிட்டார்கள். செய்தித்தாளை மடித்துக்கொண்டு வந்த பெரியவர் இன்னும் போகவில்லை. வெள்ளிக்கிழமை சர்க்கரை பார்க்க வருவார். கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ரத்தப் பரிசோதனை நிலைய ஊழியர்,
சின்னாளப்பட்டி, திண்டுக்கல் மாவட்டம்.