திரையில் தெரியாமல் என்னைப் பாட வைத்தவர்களுக்கு

சிங்கப்பூரின் தமிழ்த் தொலைக்காட்சியான வசந்தம் ஒளிவழியின் பாட்டுப் போட்டியில் அரையிறுதி வரை வந்தவள் நான். நான் பாடியதைப் பார்த்தவர்கள் வழியில் நிறுத்திப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டில் பெரும் பங்கு பிறருக்கு உரியது.

முதல் வணக்கம் இசைக்குழுவினருக்கு. கீபோர்டு வாசிக்கும் அண்ணன் முதல் ஒத்திகையிலேயே என்னைச் சரணத்தை மட்டும் தனியாகப் பாடச் சொன்னார். மேல்ஸ்தாயியில் என் குரல் இறுகுவதைக் கவனித்துவிட்டு, “ஐந்தரைக் கட்டை வேண்டாம்மா, ஐந்தில் பாடுங்கள், சொற்கள் தெளிவாக விழும்” என்றார். கட்டை என்பது சுருதியின் அளவு; அதை அரைக் கட்டை இறக்கினால் குழலும் வயலினும் கிட்டாரும் தத்தம் வாசிப்பை மாற்றிக்கொள்ள வேண்டும். முன்பின் அறியாத ஒருத்திக்காக எல்லோரும் முகம் கோணாமல் மாற்றிக்கொண்டார்கள். வீட்டில் கரோக்கேயோடு பாடிப் பழகியவளுக்கு இது புது அனுபவம். கரோக்கே இசை தன் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். தபேலா வாசித்தவரோ நான் மூச்சு எடுக்கும் இடத்தைப் பார்த்து வாசித்தார். செலவு கூடினாலும் உள்ளூர்ப் போட்டிகள் இசைக்குழுவைக் கைவிடக் கூடாது. புதிதாகப் பாட வருபவர்களுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

ஒலியைக் கவனித்த தம்பிக்கும் நன்றி. மேடையில் தன் குரல் தனக்கே கேட்காவிட்டால் சுருதி விலகிவிடும். காதில் செருகிய கருவியில் என் குரலும் தாளமும் சரியான அளவில் கேட்கும்வரை அவர் என்னை விடவில்லை. ஒப்பனை செய்த அக்காவுக்கும், எந்தக் கேமராவைப் பார்க்க வேண்டும் என்று கை காட்டியே பதற்றத்தைத் தணித்தவருக்கும் என் அன்பு.

பயிற்சிக்கு அறை தந்தது எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழு. நான் தாதி, ஒத்திகை நாள்களில் என் இரவுப் பணியை ஏற்றுக்கொண்டவர்கள் மலாய், பிலிப்பினோ தோழியர். தமிழ் தெரியாத அவர்கள் ஓய்வறையில் கூடி உட்கார்ந்து முழு நிகழ்ச்சியையும் பார்த்தார்களாம். அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என் அப்பாவின் தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிது என்பது எனக்குத் தெரியும். 1963 பிப்ரவரி 15 அன்று அமைச்சர் எஸ். ராஜரத்தினம் இங்கே தொலைக்காட்சியைத் தொடங்கி வைத்தார். அன்று பலர் வீட்டில் பெட்டி இல்லை. அப்பா சமூக மன்றத்தில் கூட்டத்தோடு நின்றுதான் பார்த்திருக்கிறார். அதன் பிறகும் நெடுங்காலம் தமிழ் நிகழ்ச்சிகள் மற்ற நிகழ்ச்சிகளோடு நேரத்தைப் பகிர்ந்துகொண்டன. வசந்தம் தனி ஒளிவழியானது 2008 அக்டோபர் 19 அன்றுதான். முழுநேரக் கலைஞர் அல்லாத ஒரு தாதி அதில் தமிழில் பாட முடிந்ததற்கு, நேரம் கேட்டும் நிகழ்ச்சி படைத்தும் பல ஆண்டுகள் உழைத்த தயாரிப்பாளர்களும் அறிவிப்பாளர்களும் காரணம். அவர்களுக்கும் என் கைகூப்பு.

எனக்கு வாக்களித்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். இறுதிச் சுற்றில் பாடவிருக்கும் நால்வரும் என்னோடு சாப்பாட்டைப் பகிர்ந்து, ஒத்திகையில் எனக்குக் கோரஸும் பாடியவர்கள். உங்கள் வாக்கை இனி அவர்களுக்குத் தாருங்கள்.

அன்புடன்,
அங் மோ கியோவிலிருந்து உங்கள் போட்டியாளர்