டிசம்பர் 25-ஐக் கான்ஸ்டன்டைன் தலையில் கட்ட வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் டிசம்பர் இதழில் கிறிஸ்துமஸின் தோற்றம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ரோமானியர்களின் சூரியப் பண்டிகையை, நான்காம் நூற்றாண்டு ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆணை போட்டுக் கிறிஸ்துமஸாக மாற்றினார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். குடிலுக்கு வைக்கோல் வாங்கிப் போடுகிற வாரத்தில் வருஷா வருஷம் இதே வரி வாட்ஸ்அப்பிலும் வந்துவிடும். அதற்கெல்லாம் பதில் எழுதி மாளாது. அச்சில் வந்திருப்பதால் எழுதுகிறேன்.

நான் கத்தோலிக்கன், பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். இயேசு டிசம்பர் 25-இல்தான் பிறந்தார் என்று வாதாட வரவில்லை. நற்செய்தி நூல்களில் தேதியே கிடையாது. முதல் இருநூறு ஆண்டுகளில் இப்படி ஒரு விழா கொண்டாடப்பட்டதாகத் தெரியவில்லை. கி.பி. 200-ஐ ஒட்டி எழுதிய கிறிஸ்தவ அறிஞர் அலெக்சாந்திரியா கிளமெந்து, சிலர் எகிப்திய மாதக் கணக்கில் மே 20-ஐச் சொல்கிறார்கள், வேறு சிலர் ஏப்ரல் 19 அல்லது 20 என்கிறார்கள் என்று குறித்துவைத்திருக்கிறார். டிசம்பர் அவர் பட்டியலிலேயே இல்லை. அவருக்கு அடுத்து வந்த ஒரிஜனோ, பிறந்தநாள் கொண்டாடுவதே பார்வோன், ஏரோது மாதிரி ஆட்களின் வேலை என்று முகம் சுளித்தவர்.

அப்புறம் டிசம்பர் 25 எங்கிருந்து வந்தது? நம் கையில் இருக்கும் முதல் உறுதியான சான்று ஒரு நாட்காட்டி. வாலண்டினஸ் என்ற ரோமானியக் கிறிஸ்தவச் செல்வருக்காக ஃபிலோகலஸ் என்ற எழுத்துக்கலைஞர் கி.பி. 354-இல் செய்து கொடுத்தது. மூலப் பிரதி தொலைந்துபோய், பிற்காலத்தில் பார்த்து எழுதிய பிரதிகள்தான் மிஞ்சியிருக்கின்றன. நம் பஞ்சாங்கம் மாதிரி அதில் பலதும் உண்டு: அரசு விழாக்கள், ஈஸ்டர் தேதிகள், ரோம் ஆயர்களின் நினைவு நாட்கள், மறைசாட்சிகளின் பட்டியல். அரசு விழாக்கள் பகுதியில் டிசம்பர் 25-க்கு நேரே, ‘வெல்லப்படாதவனின் பிறந்தநாள், 30 தேரோட்டப் பந்தயங்கள்’ என்று சுருக்கெழுத்தில் இருக்கிறது. சூரியன் பெயர் அந்த வரியில் இல்லை. ஆனாலும் அவனைத்தான் சொல்கிறது என்பதில் பெரிய சந்தேகம் வேண்டாம். மறைசாட்சிகள் பட்டியலில் முதல் வரி, அதே தேதிக்கு, ‘கிறிஸ்து யூதேயாவின் பெத்லகேமில் பிறந்தார்’. ஒரே புத்தகத்தில் ஒரே தேதிக்கு இரண்டு வரிகள். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று புத்தகம் சொல்லவில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஆயர்களின் பட்டியல். அது ஜனவரியில் தொடங்கவில்லை. டிசம்பர் 27-இல் தொடங்கி, சுற்றி வந்து, அடுத்த டிசம்பர் 8-இல் முடிகிறது. அதாவது கிறிஸ்து பிறப்பிலிருந்து வருஷத்தை எண்ணியிருக்கிறார்கள். 335 டிசம்பர் 31-இல் இறந்த சில்வெஸ்டர் வரிசையில் தன் இடத்தில் ஒழுங்காக இருக்கிறார். 336 அக்டோபரில் இறந்த மார்க்குஸ் மட்டும் அக்டோபரில் இல்லை, கடைசியில் இருக்கிறார். 352-இல் இறந்த யூலியுசும் அவருக்குக் கீழே. வருஷ நடுவில் சேர்ந்த பையன் பெயரை அகர வரிசை பார்க்காமல் வருகைப் பதிவேட்டின் அடியில் எழுதுவோமே, அதே கதைதான். ஆகவே 354-இல் செய்த நாட்காட்டிக்குள் 336-ஆம் ஆண்டுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. ரோமில் அப்போதே இந்த விழா இருந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

336-இல் கான்ஸ்டன்டைன் உயிரோடுதான் இருந்தார், அடுத்த ஆண்டுதான் இறந்தார். சரி, அதனால் அவர்தான் தொடங்கினார் என்று ஆகிவிடுமா? சூரியனின் நாளான ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக்கி 321-இல் அவர் போட்ட ஆணை நமக்குக் கிடைத்திருக்கிறது. டிசம்பர் 25-க்கு அப்படி எந்த ஆணையும் இல்லை. அதைவிட முக்கியம், அவர் தன் பெயரிலேயே கட்டிய தலைநகரான கான்ஸ்டான்டினோபிளில் 380 வாக்கில், அங்கே ஆயராக இருந்த நசியான்சு கிரகோரியார் காலத்தில்தான் இந்த விழா தெரிகிறது. அந்தியோக்கியாவில் 386-இல் பிரசங்கம் செய்த யோவான் கிறிசோஸ்தோம், இந்த நாள் நமக்குத் தெரியவந்து இன்னும் பத்து வருஷம் ஆகவில்லை என்கிறார். பேரரசர் போட்ட உத்தரவு அவர் வீட்டு வாசலுக்கு வந்து சேரவே நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகுமா?

கட்டுரையில் இருந்த மற்ற இரண்டு செய்திகளைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு மூலம் என்று சொல்லப்பட்ட ரோமானியப் பண்டிகையான சாட்டர்நாலியா டிசம்பர் 17-இல் தொடங்கி 23-க்குள் முடிந்துவிடும், 25-க்கு வராது. ரோமானியர் சிலர் வழிபட்ட மித்ரா என்ற தெய்வம் பிறந்தது டிசம்பர் 25 என்பதற்குப் பழங்காலச் சான்று ஒன்றும் இல்லை. 274-இல் ரோமப் பேரரசர் அவுரேலியன் சூரியனுக்குக் கோயில் கட்டியது உண்மை. அந்தக் கோயில் டிசம்பர் 25-இல் திறக்கப்பட்டது என்பது, மேலே சொன்ன நாட்காட்டி வரியை எண்பது ஆண்டு பின்னுக்கு இழுத்துச் செய்த ஊகம். சூரிய விழாவால்தான் தேதி ஜனவரி 6-இலிருந்து டிசம்பர் 25-க்கு மாற்றப்பட்டது என்று வெளிப்படையாகச் சொல்லும் குறிப்பு, 12-ஆம் நூற்றாண்டுச் சிரிய எழுத்தாளர் ஒருவரின் நூலில் ஓரத்தில் யாரோ எழுதிவைத்தது. எண்ணூறு வருஷம் கழித்து!

இன்னொரு விளக்கம் உண்டு, எனக்கு அதுதான் கொஞ்சம் கூடுதலாக ஒத்துவருகிறது. இயேசு சிலுவையில் இறந்தது மார்ச் 25 என்று, கி.பி. 200-ஐ ஒட்டி எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் காலத்திலேயே ஒரு கணக்கு இருந்தது. கருவில் உருவானதும் அதே தேதியில்தான் என்று நம்பினார்கள்; அகுஸ்தீனார் இதை விளக்கியே எழுதியிருக்கிறார். மார்ச் 25-இலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. கிழக்கே சிலர் ஏப்ரல் 6 என்று வைத்துக்கொண்டார்கள். ஒன்பது மாதம் எண்ணினால் ஜனவரி 6. ஆர்மேனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6-இல்தான் கிறிஸ்து பிறப்பைக் கொண்டாடுகிறது. சூரியப் பண்டிகையை மட்டும் வைத்துக்கொண்டு இந்த ஜனவரி 6-ஐ விளக்கிக் காட்டுங்கள் பார்ப்போம்.

இதற்காகச் சூரியனை ஒரேயடியாக வெளியே தள்ளிவிடவும் மாட்டேன். மார்ச் 25-ம் டிசம்பர் 25-ம் சூரியனின் போக்கை வைத்து ரோமானியர் மரபாகக் குறித்துவைத்த நாட்கள். முதலாவது பகலும் இரவும் சமமாகும் நாள், இரண்டாவது பகல் மறுபடி வளரத் தொடங்கும் நாள். நான்காம் நூற்றாண்டில் வானத்தில் அது நாலைந்து நாள் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது, ஆனாலும் தேதியை அவர்கள் விடவில்லை. நமக்கு இது புதிதா என்ன? சூரியன் டிசம்பர் 21, 22-இலேயே வடக்கே திரும்பிவிடுகிறான், நாம் தை முதல் நாளில்தான் உத்தராயணம் என்கிறோம். பழைய ஏற்பாட்டு இறைவாக்கினர் மலாக்கி சொன்ன ‘நீதியின் சூரியன்’ என்ற பெயரை அந்தக் காலக் கிறிஸ்தவர்கள் இயேசுவுக்கு ஆசையோடு சூட்டினார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் திருத்தந்தை லியோ, பேதுரு கோயில் படியேறுகிற மக்கள் திரும்பி நின்று உதயசூரியனைக் கும்பிட்டுவிட்டு உள்ளே வருகிறார்கள் என்று நொந்துகொண்டதும் பதிவாகியிருக்கிறது.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ‘இது புறச்சமயப் பண்டிகை’ என்ற வாதத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவர்கள் நாத்திகர்கள் அல்ல, கிறிஸ்தவர்கள். இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டண்டுகளின் கை ஓங்கியிருந்த பாராளுமன்றம் 1647-இல் கிறிஸ்துமஸையே ஒழித்தது. மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை, கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். சூரிய விழாவிலிருந்து தேதி வந்தது என்ற கருத்தை 18-ஆம் நூற்றாண்டில் ஆய்வாக எழுதிய யாப்லோன்ஸ்கியும் ஜெர்மானியப் புராட்டஸ்டண்ட் அறிஞர்தான்.

கட்டுரையாளர் இரண்டு கருத்துகளையும் வைத்து, தனக்குச் சூரியன்தான் பொருத்தம் என்று எழுதியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. கான்ஸ்டன்டைன் ஆணை, சாட்டர்நாலியா தேதி, மித்ராவின் பிறந்தநாள் ஆகிய மூன்றுக்கு மட்டுமாவது அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். முடிந்தால் ஆர்மேனியர்கள் பற்றித் தனியாக ஒரு கட்டுரையும் வரட்டும். சென்னையில் 1772-இல் அவர்கள் கட்டிய கோயில் இன்னும் இருக்கிறது. அது இருக்கும் ஆர்மேனியன் தெருவைத்தான் நம் மக்கள் ‘அரண்மனைக்காரன் தெரு’ ஆக்கிவைத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
பாளையங்கோட்டை