குடியிருப்போர் நலச் சங்கம், தருமபுரி: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சாக்கடை தூர்வாரக் கேட்டு நகராட்சியில் மனு கொடுத்தோம். பாதி வேலை ஆகியிருக்கிறது. தெருவிளக்குகள் எரிகின்றன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியதும் சண்டை போட்டதும் பேருந்து நிலையத்தில் படுத்துறங்கும் வீடற்றவர்களைப் பற்றித்தான். மார்கழிப் பனிக்குப் போர்வை கொடுக்கலாம் என்று ஆரம்பித்து, ஞாயிறு மதியச் சாப்பாடும் சேர்ந்துகொண்டது. போய்ப் பார்த்தால் நமக்கு முன்பே வேறு இரண்டு குழுவினர் பிரியாணிப் பொட்டலத்தோடு நிற்கிறார்கள். ஒரு பெரியவர், "இன்னிக்கு வேண்டாம் தம்பி, செவ்வாக்கிழமை வாங்க" என்றார். நம் திட்டத்துக்கு இதைவிட நல்ல யோசனையைச் செயற்குழுவில் யாரும் சொன்னதில்லை. இப்போது செவ்வாய்தான் போகிறோம். அங்கே பல்லில்லாதவர்கள் பலர். களியும் கீரைக் குழம்பும் கொண்டுபோனால் தூக்கு காலியாகத் திரும்புகிறது.

காலில் புண்ணோடு கிடந்த ஒருவரை உறுப்பினர் ஒருவர் 108 வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே முதல் கேள்வியே, "கூட யார் இருக்கீங்க?" என்பதுதான். கூட ஆள் இல்லாவிட்டால் கட்டுப் போட்டு அனுப்பிவிடுவார்கள் போலிருந்தது. 'நான் இருக்கிறேன்' என்று அவர் சொன்ன பிறகுதான் படுக்கை கிடைத்தது. சர்க்கரை இருப்பதே அங்கேதான் தெரிந்தது. பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று நம் ஆட்கள் முறை வைத்து உடன் இருந்தார்கள். போர்வை வாங்கப் பணம் தர நிறையப் பேர் உண்டு. வார்டில் ஓர் இரவு உட்கார ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

அப்புறம் காகித வேலை. முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். அதற்கு ஆதார் வேண்டும். ஆதாருக்கு முகவரி வேண்டும். பிளாட்பாரத்துக்கு ஏது கதவு எண்? அங்கீகாரம் பெற்ற வீடற்றோர் காப்பகத்தின் பொறுப்பாளர் தரும் சான்றை முகவரிக்கு ஏற்றுக்கொள்கிறார்கள். ஆகவே காப்பகம் என்பது படுக்க இடம் மட்டுமல்ல. "அங்கே போனால் அடைத்துவிடுவார்கள்" என்று பயப்படுபவர்களை இழுத்துப் போகக்கூடாது. நாமே ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டவேண்டும்.

மனநலம் குன்றித் திரிபவர்களைத் துரத்தச் சொல்லிச் சிலர் சங்கத்துக்குப் புகார் தந்தார்கள். 2017 மனநலச் சட்டப்படி அப்படிப்பட்டவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் காட்டுவது காவல் நிலையத்தின் கடமை. லாக்கப்பில் வைக்கக்கூடாது. பார்த்தவர் நிலையத்துக்குத் தகவல் சொன்னால் போதும். கைவிடப்பட்ட முதியவர் என்றால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

"காசு கொடுத்தால் குடிக்கத்தானே போகிறார்கள்" என்ற கேள்வி பொதுக்குழுவில் சூடாக எழுந்தது. சிலர் குடிக்கிறார்கள், உண்மைதான். நம் தெருவிலும் குடிக்கிறார்கள். அவர்களுக்கு வீடு இருக்கிறது.

படம் எடுப்பதையும் நிறுத்திவிட்டோம். செல்போனைத் தூக்கியதும் ஓர் அம்மா, "எம் புள்ளைங்க பாத்துடுவாங்க" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். படம் வருவதில்லையே என்று வாட்ஸ்அப் குழுவில் வருத்தப்பட்டவர்களும் உண்டு. சரி, இருக்கட்டும்.

வரும் ஆண்டில் ஓர் உறுப்பினருக்கு ஒரு நபர் என்று பொறுப்பெடுத்து, மருத்துவம், ஆதார், உதவித்தொகை என்று கடைசிவரை கூடப் போகவேண்டும் என்பது செயற்குழுவின் தீர்மானம். விருப்பமுள்ளவர்கள் இணைச் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும். மருத்துவமனை இரவு முறைக்கு இன்னும் ஆள் தேவைப்படுகிறது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றே கட்டிவிடவும்.

நன்றி.
செயலாளர்