ஸ்பீக்கர் வந்து சேர்ந்தது, தம்பி

சிவமயம்

நாட்டரசன்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு அப்பச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே உங்கள் இருவர் நலமும் அறிய ஆவல்.

ஸ்பீக்கர் இரண்டும் ஆம்ப்ளிஃபயரும் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன. தெர்மோகோலை எல்லாம் எடுத்த பிறகும் ஆத்தா பெட்டியின் அடிவரை துழாவினாள், உன் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கும் என்று. இல்லை. சரி, வேலை மும்முரமாக இருக்கும். சிங்கப்பூர் பிளக் மூன்று பட்டைக் காலோடு வந்ததால் அடாப்டர் வாங்க சிவகங்கை போய்வந்தேன். கரண்ட் இரண்டு ஊரிலும் 230 வோல்ட்தான், அதனால் கவலை இல்லை, ஆனாலும் ஸ்டெபிலைசர் போட்டிருக்கிறேன்.

முதலில் வளவில் வைத்துப் பார்த்தோம். மேலே திறந்த வானம், அடிச் சத்தம், அதாவது பேஸ், அத்தனையும் அப்படியே வெளியே போய்விடுகிறது. உள்ளே பட்டாலைக் கூடத்துக்கு மாற்றினால் அங்கே வேறு தொல்லை. கை தட்டினால் சத்தம் படபடவென்று சுவருக்குச் சுவர் ஓடித் திரும்புகிறது. முட்டை வெள்ளை போட்டு இழைத்த சுவர், ஆத்தங்குடிக் கல் தரை, இரண்டும் சத்தத்தைக் குடிக்காது. அதனால் கல்யாண ஜமுக்காளம் இரண்டை விரித்து, எதிர்ச் சுவரில் கனமான திரை ஒன்றைத் தொங்கவிட்டேன். பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. ஸ்பீக்கரின் பின்பக்கம் காற்றுத் துளை இருப்பதால் சுவரை ஒட்டி வைத்தால் அடிச் சத்தம் குமுறும், ஒன்றரை அடி தள்ளி வைத்தேன். இரண்டுக்கும் நடுவில் ஆறடி, நான் உட்காரும் நாற்காலிக்கும் ஏறக்குறைய அதே தூரம். முகத்தை லேசாக உள்பக்கம் திருப்பியிருக்கிறேன்.

உயரத்துக்குத்தான் அலைந்தேன். மேலே இருக்கும், கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவர் காது மட்டத்துக்கு வரவேண்டும். கடைசியில் உங்கள் அறையைத் திறந்து, மருமகள் சீரில் வந்த தேக்கு ஸ்டூல் இரண்டையும் எடுத்தேன். கவிழ்த்துத் துடைக்கும்போது பார்த்தால் அடிப்பலகையில் அவளுடைய அப்பச்சி இனிஷியல் கறுப்புப் பெயிண்டில் அப்படியே இருக்கிறது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது. அவள் சாமானை அவளைக் கேட்காமல் எடுத்தது மனசுக்குச் சரியாகப் படவில்லை. கேட்டுச் சொல். நீயாகப் பரவாயில்லை என்று சொல்லிவிடாதே, அவளிடம் கேள்.

எலக்ட்ரீசியன் பையன் வயர் மாட்டிவிட்டுப் போனபின் பாட்டு போட்டால் நாதஸ்வரம் இருக்கிறது, தவிலில் அடிச் சத்தம் தரும் தொப்பிப் பக்கம் காணோம். வாசிப்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றே பிடிபடவில்லை. யோசித்து, டார்ச் அடித்துப் பின்னால் பார்த்தேன். ஒரு ஸ்பீக்கரில் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறியிருந்தன. ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்தால் அடிச் சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். அணைத்துவிட்டு மாற்றிப் போட்டேன். நாதஸ்வரம் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி பட்டாலை நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது! பழைய ரெக்கார்டிங், இரைச்சல் உண்டு, ஆனாலும் மூச்சு எடுப்பதுகூடக் கேட்கிறது. எதிர்வீட்டுச் செட்டியார் திண்ணையிலிருந்து எழுந்து வந்து, யார் அனுப்பியது என்றார். என் மகன் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. இவ்வளவு பார்த்து வாங்கத் தெரிந்த பிள்ளைக்கு வாரம் ஒருமுறை போன் பண்ணத் தெரியவில்லையே என்றும் நினைத்தேன்.

புதுசு என்பதால் இன்னும் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறது. கூம்பின் ரப்பர் விளிம்பும், உள்ளே அதைத் தாங்கும் மடிப்புத் துணியும் ஆட ஆடத்தான் இளகும். ஐம்பது மணி நேரம் என்கிறார்கள், நூறு என்கிறார்கள். ஸ்பீக்கர் அவ்வளவாக மாறுவதில்லை, நம் காதுதான் பழகிக்கொள்கிறது என்பவர்களும் உண்டு. எதுவானாலும் அவசரப்பட்டு, இது சரியில்லை என்று முடிவுகட்டக் கூடாது. தினமும் மிதமான சத்தத்தில் ஓடவிடுகிறேன். பழக நாள் கொடுக்கவேண்டும் தம்பி. நாள் கொடுக்காமல் எதையும் வேண்டாம் என்று ஒதுக்கிவிடக் கூடாது.

பிள்ளையார் நோன்புக்கு மாவில் திரி ஏற்றி இழை எடுத்துக்கொண்டீர்களா? அங்கே டேங்க் ரோடு முருகன் கோயிலில் உன்னை மட்டும் பார்த்ததாக ஆத்தாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மருமகளுக்கு உடம்புக்கு முடியாமல் இருந்திருக்கலாம், ஆபீசாக இருக்கலாம். ஆத்தா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு, இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். கோபத்தோடு படுக்கப் போகாதீர்கள். முன்பே சொல்லியிருக்கிறேன், மறுபடியும் சொல்கிறேன், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

பொங்கல் கழிந்து முதல் செவ்வாய் கண்ணாத்தாள் கோயிலில் செவ்வாய்ப் பொங்கல், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தம்பதிக்கு ஒரு புள்ளி என்று கோயிலுக்குக் கொடுக்கும் உங்கள் புள்ளி வரியைக் கட்டிவிட்டேன். ஒரு புள்ளி என்று எழுதி, இரண்டு பேர் பெயரையும் சொல்லித்தான் கொடுத்தேன். டிக்கெட் போட்டால் இருவருக்கும் சேர்த்துப் போடு. வர முடியவில்லை என்றால் அதையாவது எழுது. ஸ்டூல் விஷயத்தை மருமகளே ஆத்தாவுக்குப் போன் பண்ணிச் சொன்னால் இன்னும் நல்லது, மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் ஆத்தா சும்மாதான் இருப்பாள்.

இப்படிக்கு,
அப்பச்சி